கதை தெரிந்த பிறகு என்ன பார்ப்பது?

வாசகர் கேள்வி – பதில்

திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் எது, ஏன் என்று சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். பதில் எழுதச் சொன்னால் பலர் கேள்விகளையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே என்னாலான பதில்கள்.

கேள்வி: 'காதலிக்க நேரமில்லை' படத்தை முப்பது முறைக்கு மேல் பார்த்துவிட்டேன். தொலைக்காட்சியில் போட்டால் இன்றும் உட்கார்ந்துவிடுகிறேன். "கதைதான் தெரியுமே மாமா, இன்னும் என்ன பார்க்கிறீர்கள்?" என்று மருமகள் கேட்கிறார். என்ன சொல்வது?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

பதில்: மருமகளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்க்காரர்கள் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்கள். வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில் பாரதக் கூத்து ஆடுகிறார்கள். அருச்சுனன் தபசு மரம் ஏறுவான் என்பதும், பதினெட்டாம் நாள் துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பதும் அங்கே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தேதான் விடிய விடியக் கண்விழிக்கிறார்கள். இந்த ஆண்டு ஆடுகிறவர் அந்த மரத்தை எப்படி ஏறுகிறார் என்பதைப் பார்க்கவே அவர்கள் வந்திருக்கிறார்கள்.

ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வந்த அந்தப் படத்தின் கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். பணக்கார மாப்பிள்ளை தேடும் எஸ்டேட் முதலாளி, அவருடைய இரண்டு பெண்கள், வேலையிழந்த ஓர் இளைஞன், அவனுக்காகப் பொய்த் தகப்பனாராக வேடம் போடும் நண்பன். இந்தக் கதைக்காக யாரும் முப்பது முறை பார்க்க மாட்டார்கள். நீங்கள் எதற்காக உட்காருகிறீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' செல்லப்பாவாக வரும் நாகேஷ், தம் தகப்பனாராக வரும் டி.எஸ். பாலையாவைப் பிடித்து உட்கார வைத்து ஒரு திகில் கதை சொல்லும் காட்சிதானே?

முதல் முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். பார்க்காமல் இருக்கவும் முடியாது. கதையையும் அவரே சொல்லி, அதற்கு வேண்டிய ஓசைகளையும் அவரே வாயால் எழுப்பி, கைகாலை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி அந்த இடத்தையே தமதாக்கிக்கொள்கிறார். அவருடைய வசனம் காதுக்குப் பழகிய பிறகுதான் நம் கண் மெல்லப் பாலையாவின் பக்கம் நகரும். பாலையாவுக்கு அந்தக் காட்சியில் பேச அதிகமாக ஒன்றுமில்லை. கேட்பது மட்டுமே வேலை. மகனை நம்பாத முதலாளியாகத் தொடங்கி, வேண்டாவெறுப்பாகச் செவிகொடுத்து, தம்மை அறியாமல் உள்ளே இழுக்கப்பட்டு, பயந்து நடுங்கும் குழந்தையாக அவர் மாறுவதற்குள் அந்த முகத்தில் எத்தனை படிகள்! நாகேஷின் கதையில் உண்மையில் பயப்பட ஒன்றும் கிடையாது. பயம் முழுவதும் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம்.

ஆகவே மருமகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: முதல் முறை பேசுகிறவரைப் பார்க்கிறோம், அடுத்த முறை கேட்கிறவரைப் பார்க்கிறோம். கேட்கிறவர்கள் ஒழுங்காக நடித்திருக்கிற படம்தான் மறுபடி பார்ப்பதற்குத் தாங்கும். என் அளவில் இதைவிட நம்பகமான உரைகல் வேறு அகப்படவில்லை. இந்தப் பக்கத்தில் மற்றக் கேள்விகளுக்கும் இதையேதான் திரும்பத் திரும்ப உரசிப் பார்க்கப் போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பழைய படங்கள் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. நடிப்பு மிகையாகத் தோன்றுகிறது. ஒரே ஒரு பழைய படத்துக்கு நேரம் ஒதுக்குகிறேன் என்றால் எதைச் சொல்வீர்கள்?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: 'தில்லானா மோகனாம்பாள்', 1968. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை உங்களுக்கு மிகை என்றே படலாம். அதைப் பற்றி நான் வழக்காட மாட்டேன்.

கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை அது. கோபுலுவின் ஓவியங்களுடன் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரம் என்ற நாகஸ்வர வித்துவானுக்கும் மோகனாம்பாள் என்ற நாட்டியக்காரிக்கும் இடையே போட்டியாகத் தொடங்கிக் காதலாகும் கதையை, ஏ.பி. நாகராஜன் திருவிழா, சத்திரம், நாடகக் கொட்டகை, அரண்மனை என்று ஒரு காலத்துத் தமிழ்நாட்டையே கூடவே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்.

சிவாஜி கணேசன் நாகஸ்வரம் வாசிக்கத் தெரிந்தவரல்லர். படத்தில் நாம் கேட்பது மதுரைச் சகோதரர்களான எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி ஆகியோரின் வாசிப்பு. இது தெரிந்த பிறகும், அவருடைய கன்னம் புடைப்பதையும், கழுத்து நரம்பு எழுவதையும், நீண்ட பிடி ஒன்று முடிந்தபின் மூச்சை வாங்கும் இடத்தையும் பார்த்தால் கண் நம்ப மறுக்கும். நீங்கள் மிகை என்று சொல்வது இதைத்தான் என்றால், கோயில் வாசலில் நின்று ஒரு நாகஸ்வரக் கச்சேரியை அருகிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வாத்தியம் கேட்கும் உழைப்பு அப்படி. அடக்கமாக ஊதி அதில் ஓசை எழுப்ப முடியாது.

இரண்டாம் முறை சிவாஜியை விட்டுவிடுங்கள். பக்கத்தில் தவிலோடு இருக்கும் முத்துராக்கைப் பாருங்கள். அங்கேயும் பாலையாதான், நல்ல படங்களில் இவர் எப்படியோ ஓர் ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வித்துவானுடைய கோபம் எப்போது மூளும், எந்தச் சொல்லில் தணியும் என்பதை அறிந்தவராக, ஒருபுறம் அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டும் மறுபுறம் மோகனாவின் வீட்டாரை எடைபோட்டுக்கொண்டும் இருக்கும் அந்த முகம் தனியாக ஒரு கதை சொல்கிறது. நாகேஷின் சவடால் வைத்தி பேசிக்கொண்டே இருப்பார். அவர் பேசும்போது எதிரே இருப்பவர் எந்த நொடியில் வலையில் விழுகிறார் என்பதைப் பாருங்கள். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி, இந்த நாயனத்தில் மட்டும்தான் இப்படிச் சத்தம் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று வித்துவானிடமே கேட்பார். கேள்விக்குச் சிரித்து முடித்த பிறகு சிவாஜியைப் பாருங்கள். தலைக்கனம் மிகுந்த ஒரு கலைஞர், வெள்ளந்தியான ஒரு பெண்ணின் முன் அந்தக் கனத்தை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்.

பிறகு 'நலந்தானா'. கே.வி. மகாதேவன் இசையில் பி. சுசீலா பாடிய பாட்டு. காயம்பட்டு மீண்ட ஒருவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நேரே போய்க் கேட்க வழியில்லை. எனவே ஆட்டத்திலேயே கேட்டுவிடுகிறார் மோகனாம்பாள். கூட்டம் அதை நாட்டியமாகப் பார்க்கிறது, ஒருவர் மட்டும் அதைக் கேள்வியாகக் கேட்கிறார், கேட்டுக்கொண்டே வாசிக்கிறார். பத்மினியையும் சிவாஜியையும் மாறி மாறிப் பார்க்க ஒரு முறை போதாது. எனக்கு இன்னும் போதவில்லை.

கேள்வி: எத்தனை முறை பார்த்தால் ஒரு படத்தைத் 'திரும்பத் திரும்ப' பார்த்ததாகக் கணக்கு?
(வங்கி ஊழியர், விழுப்புரம்)

பதில்: இடையில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பியவர், விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்காமல் உட்கார்ந்தால், கணக்குச் சரியாகிவிட்டது.

கேள்வி: நகைச்சுவை என்பது எதிர்பாராமல் வருவதுதானே? அடுத்த வசனம் தெரிந்த பிறகும் சில படங்களுக்கு ஏன் சிரிப்பு வருகிறது?
(இல்லத்தரசி, திருநெல்வேலி)

பதில்: எல்லா நகைச்சுவைக்கும் இது நடப்பதில்லை. துணுக்குச் சிரிப்பு ஒரு முறையோடு சரி. இரண்டாம் முறை வாய் கோணும், அவ்வளவே. நிலைமையிலிருந்து பிறக்கும் சிரிப்புதான் மறுபடியும் வருகிறது. அதில் முன்கூட்டியே தெரிந்திருப்பது இடைஞ்சலாகாது, உதவியாகவே இருக்கும்.

1981-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு'வை எடுத்துக்கொள்வோம். இருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவம். விசு வசனம் எழுதினார். வேலைக்காக நேர்முகத் தேர்வுக்கு வரும் ரஜினிகாந்த், அடக்கமே உருவானவராக, விளையாட்டு என்றாலே என்னவென்று தெரியாதவராக, 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்' என்று தம் பெயரை முழுவதுமாக ஒப்பிப்பார். எதிரே முதலாளி ஸ்ரீராமச்சந்திரமூர்த்தியாகத் தேங்காய் சீனிவாசன். முதல் முறை பார்க்கும்போது, இந்தப் பொய் பலிக்குமா என்ற பதைப்பில் ரஜினியையே பார்த்துக்கொண்டிருப்போம். பொய் பலித்துவிடும் என்பதும், அதைக் காப்பாற்ற மீசையில்லாத இரட்டைத் தம்பி ஒருவன் முளைக்கப் போகிறான் என்பதும், அந்தத் தம்பிக்குத் துணையாகச் செளகார் ஜானகி ஓர் அம்மாவாகவே அவதாரம் எடுக்கப் போகிறார் என்பதும் தெரிந்த பிறகு பார்த்தால், அந்த அறையில் பரிதாபத்துக்குரியவர் தேங்காய் சீனிவாசன் ஒருவர்தான். ஒவ்வொரு பொய்யான பதிலுக்கும் அவர் முகம் மலர மலர, தமக்குத் தாமே குழி வெட்டிக்கொள்கிறாரே என்று நமக்குச் சிரிப்புப் பொங்குகிறது. இந்தச் சிரிப்பு முதல் முறை பார்க்கிறவருக்குக் கிடைக்காது. ரஜினி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் படத்தை என் கணக்கில் தேங்காய் சீனிவாசன் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

'மைக்கேல் மதன காமராஜன்' வேறு ரகம். 1990-இல் வந்த அந்தப் படத்துக்குக் கிரேசி மோகன் எழுதிய வசனம், ஒரு நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த இரண்டைக் கடந்து போய்விடும் வேகம் உடையது. தியேட்டரில் சிரிப்பொலியில் பாதியைத் தவறவிட்டவர்கள், விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் போனால் அதில் வியப்பில்லை. நான்கு வேடங்களில் கமல்ஹாசன் என்பதுதான் அன்றைய விளம்பரம். இன்று பார்த்தால், சைவக் கல்யாணத்துச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட பதற்றம், பாலக்காட்டுத் தமிழின் இழுவை, திருட்டுக் கை உடைய பாட்டியாக எஸ்.என். லட்சுமி என்று ஓரத்து மனிதர்களே முன்னே வந்து நிற்கிறார்கள். ஊர்வசியின் திரிபுரசுந்தரி, எதையும் முழுவதும் நம்பாமலும் முழுவதும் மறுக்காமலும் கேட்டுக்கொண்டிருக்கும் தினுசே தனி.

கேள்வி: 'அன்பே சிவம்' வெளியானபோது தியேட்டரில் பத்து வரிசைகூட நிரம்பவில்லை. நானும் பாதியில் எழுந்து வந்தவன். இப்போது என் மகன் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறான். யார் மாறினோம்?
(அச்சக உரிமையாளர், மதுரை)

பதில்: நீங்கள் பாதியில் எழுந்து வந்ததுதான் சங்கடம். அந்தப் படத்தின் முதல் பாதி, இரண்டாம் பாதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது போலிருக்கிறது.

2003 பொங்கலுக்கு வந்த படம். கமல்ஹாசன் திரைக்கதை, மதன் வசனம், வித்யாசாகர் இசை, சுந்தர் சி. இயக்கம். மழையால் விமானம் ரத்தாகிப் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்ட இருவர் சென்னைக்கு வந்து சேரும் வழிப்பயணம்தான் கதை. ஒருவர் விளம்பரப்பட இயக்குநர். அன்பரசு என்ற பெயரையே 'அரஸ்' என்று நறுக்கிக்கொண்டவர். மற்றவர் தழும்பேறிய முகமும் தடித்த கண்ணாடியும் சரியில்லாத நடையுமாக வரும் நல்லசிவம். அவருடைய தோற்றத்தை வைத்தே அவரைத் தீவிரவாதி என்று சந்தேகிக்கிறார் அரஸ். முதல் முறை பார்க்கும்போது நமக்கும் அந்த ஆள் கொஞ்சம் தொந்தரவு பிடித்தவராகவே தோன்றுகிறார். அரஸ் எரிந்து விழும்போதெல்லாம் நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். பேருந்து விபத்துக்கு முன்பு அந்த முகம் எப்படி இருந்தது, அந்தக் கைகள் சுவரில் என்ன வரைந்துகொண்டிருந்தன என்பதெல்லாம் பிறகுதான் தெரிகிறது. தெரிந்த பின் முதல் பாதிக்குத் திரும்பினால் அதே சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது.

உங்கள் மகன் தொலைக்காட்சியில் இதை எந்த இடத்திலிருந்து வேண்டுமானாலும் பார்க்கத் தொடங்கியிருப்பார். நீங்களோ ஒரே ஒரு மாலையை நம்பி நுழைவுச்சீட்டு வாங்கினீர்கள். மாதவன் என்ற நடிகருக்கும் அந்த ஒரே மாலை நியாயம் செய்யவில்லை. பேசுகிறவர் கமல், அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக மாறும் பெரிய வேலை மாதவனுடையது. இந்த முறை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள், மகனோடு.

கேள்வி: எங்கள் காலத்தில் வீடியோ ஏது? ஒரு படத்தை நூறு முறை 'கேட்டிருக்கிறோம்'. அது கணக்கில் வருமா?
(ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி, தூத்துக்குடி)

பதில்: கணக்கில் முதல் வரியாகவே வரும். கல்யாண வீட்டுப் பந்தலிலும் கோயில் கொடையிலும் கூம்பு ஒலிபெருக்கியில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனம் முழங்கிய காலத்தை மறந்துவிட முடியுமா? சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனங்களை, 1959-இல் வந்த படத்தைப் பார்க்கவே பார்க்காத சிறுவர்கள்கூட ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்தார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். இரண்டரை மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வைப்பார்கள். பிறகு கதைவசன கேசட்டுகள் வந்தன. 1984-இல் 'விதி' வெளியானபோது சுஜாதா வழக்கறிஞராக வாதாடும் நீதிமன்றக் காட்சி, தேநீர்க்கடை தவறாமல் ஒலித்தது. வழியே போகிறவர்கள் தீர்ப்பு தெரிந்திருந்தும் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

காதால் மட்டும் பார்த்தவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. முகங்களை அவர்களே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது. பல ஆண்டு கழித்துத் திரையில் பார்க்கும்போது சில சமயம் ஏமாற்றமாகவும் இருக்கும். என் பெரியப்பா கட்டபொம்மனை முதன்முதலில் திரையில் பார்த்துவிட்டு வந்து, ஜாக்சன் துரை இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருக்க வேண்டும் என்றார்.

கேள்வி: சிரிக்க வைக்கும் படங்களைத் திரும்பப் பார்ப்பது புரிகிறது. அழ வைக்கும் படத்தை மறுபடி தேடிப் போவானேன்?
(செவிலியர், புதுச்சேரி)

பதில்: அழ வைப்பதற்காகவே எடுத்த படம் என்றால் போகத் தேவையில்லை; ஒரு முறை அழுதால் கடன் தீர்ந்தது. நான் மறுபடி தேடிப் போவது மகேந்திரனின் இரண்டு படங்களை. அவை நம்மை அழச் சொல்வதில்லை.

'முள்ளும் மலரும்' 1978-இல் வந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற உமாசந்திரனின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு செய்தார். மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்கும் காளியாக ரஜினிகாந்த், அவன் உயிரையே வைத்திருக்கும் தங்கை வள்ளியாக ஷோபா. காளி லாரியில் அடிபட்டு ஒரு கையை இழக்கிறான். தான் வெறுக்கும் இஞ்சினியரைத் தங்கை விரும்புகிறாள் என்பதைத் தாங்க முடியாமல் குமுறுகிறான். கடைசிக் காட்சியில், அண்ணன் இல்லாமல் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த வள்ளி, கூட்டத்தைவிட்டு ஓடிவந்து அண்ணனிடம் சேர்ந்துவிடுகிறாள். அவன் கேட்டது அது ஒன்றுதான். அது கிடைத்தவுடன் தங்கையை அவனே கொண்டுபோய் இஞ்சினியரிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்கிறான். சினிமாவில் மனம் திருந்துகிறவர்கள் அதிகம். கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே சொல்லி நிற்பவன் இவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அந்த வசனத்துக்குத் தியேட்டரில் விசில் பறக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் சரத்பாபுவைக் கவனித்துப் பாருங்கள்; அவமானப்பட வேண்டிய இடத்தில் அவர் முகத்தில் மரியாதை வருகிறது.

அடுத்த ஆண்டு வந்த 'உதிரிப்பூக்கள்', புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதையை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு மரமாக வளர்ந்த படம். பிறர் துன்பத்தில் சுகம் காணும் சுந்தரவடிவேலுவாக விஜயன் குரலை உயர்த்துவதே அரிது. மனைவியாக வரும் அஸ்வினி பேசுவது அதைவிடக் குறைவு. கேட்பதும் பொறுப்பதுமாகவே அவர் காலம் கழிகிறது. அசோக்குமாரின் ஒளிப்பதிவும் இளையராஜா இசைக்காமல் விட்டுவைத்த இடங்களும் சேர்ந்து அந்த வீட்டின் மௌனத்தை நம் மேல் ஏற்றிவிடுகின்றன. முடிவில் ஊரே ஒன்றுகூடி அவனை ஆற்றில் இறங்க வைக்கிறது. தன்னைப் போலவே ஊரையும் மாற்றிவிட்டதுதான் தான் செய்த பெரிய தவறு என்று சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான். முதல் முறை பார்த்தபோது எனக்கு அவன் ஒழிந்தான் என்ற நிம்மதிதான் இருந்தது. அடுத்த முறை, கரையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்ட ஊர்க்காரர்களின் முகங்களைப் பார்த்தேன். அதன் பிறகு, கரையோரம் ஓடும் இரண்டு குழந்தைகளைப் பார்க்கும் தைரியம் வர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. நோயாளிகளின் நடுவே இரவுப் பணி பார்க்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய படங்களைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் போடுகிறார்கள். கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்துப் பார்ப்பது வீண்செலவு அல்லவா?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: 2012-இல் 'கர்ணன்' டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோதும் இப்படித்தான் கேட்டார்கள். படம் நூறு நாளைத் தாண்டி ஓடியது. விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் 1964-ஆம் ஆண்டு ஒரு பக்கம் 'கர்ணன்' படத்துக்கு இந்துஸ்தானி ராகங்களில் மெட்டமைத்துக்கொண்டு, மறுபக்கம் 'காதலிக்க நேரமில்லை'க்கு மேற்கத்திய தாளத்தில் துள்ள விட்டிருக்கிறார்கள் என்பதைப் பெரிய அரங்கின் ஒலியில் கேட்டால்தான் நம்ப முடிகிறது. 2004-இல் வந்த 'கில்லி' இருபது ஆண்டு கழித்து 2024-இல் திரும்பி வந்தபோது, பிரகாஷ்ராஜ் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் அவருடைய வசனத்தைச் சொல்லி முடித்தது. முதல் வெளியீட்டின்போது பிறந்திராத பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தபசு மரத்தடிக் கூட்டத்துக்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேற்றுமை தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி நம்மிடம் இல்லை. மறுபடி பார்க்கத் தகுந்ததா என்று தீர்ப்புச் சொல்லக்கூட நமக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது. இருக்கிற படங்களுக்குச் சீட்டு வாங்குகிறவர்கள் இருந்தால்தான் அவற்றைப் புதுப்பிக்க யாராவது பணம் போடுவார்கள். தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பேரனுக்குக் காட்ட ஒரு படம் சொல்லுங்கள்.
(தாத்தா, ஈரோடு)

பதில்: 'திருவிளையாடல்', 1965. முழுப்படமும் வேண்டாம், தருமியில் தொடங்குங்கள். ஆயிரம் பொற்காசு போய்விட்டதே என்று நாகேஷ் புலம்பும்போது எந்தக் குழந்தையும் சிரிக்கும். நக்கீரராக வருபவர் படத்தின் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே என்பதைப் பேரன் வளர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் மட்டும் அந்த மண்டபக் காட்சியில் சிவாஜியைப் பாருங்கள். ஈசனாக நிற்கிறவர், காட்சி முழுவதையும் நாகேஷிடம் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லும் வேலையோடு நின்றுகொள்கிறார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பேரன் நாளைக்கும் அதையே போடச் சொல்வான். குழந்தைகளுக்குத் 'திரும்பத் திரும்ப' என்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: இருபது வயதில் உருகி உருகிப் பார்த்த படங்களை ஐம்பதில் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. கதாநாயகன் பெண்களை நடத்தும் விதமும் கறுப்பையும் பருமனையும் கேலி செய்யும் நகைச்சுவையும் சகிக்கவில்லை. படம் கெட்டதா, நான் கெட்டேனா?
(கல்லூரிப் பேராசிரியை, திருச்சி)

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் கதாநாயகனின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, அவன் எதிரே நிற்பவளின் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். அங்கிருந்து பார்த்தால் சில படங்கள் தாங்குவதில்லை. நானும் சில நகைச்சுவைக் காட்சிகளை இப்போது ஒலியைக் குறைத்துவிட்டுக் கடக்கிறேன். அவற்றில் கேலிக்கு ஆளாகிறவரின் முகத்தைக் கேமரா காட்டியிருக்காது. காட்டினால் சிரிப்பு நின்றுவிடும் என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சில படங்கள் இந்த இடமாற்றத்தையும் தாங்குகின்றன. கோவை மாணவருக்கு நான் சிபாரிசு செய்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்திலேயே சண்முகசுந்தரத்தின் முன்கோபமும் தொட்டதற்கெல்லாம் மோகனாவைச் சந்தேகிக்கும் குணமும் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. இளம்வயதில் அதைத்தான் காதல் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கேட்டு நிற்கும் பத்மினியின் முகத்தைப் படம் மறைக்கவில்லை. வேண்டிய மட்டும் காட்டுகிறது. அதனால் முன்பு சிவாஜியின் படமாக இருந்தது இப்போது எனக்குப் பத்மினியின் படமாகிவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். என் மனைவி கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இந்த மனிதருக்கு இன்னுமா கோபம் ஆறவில்லை?" என்று சலித்துக்கொண்டே பாதிப் படத்தைக் கடத்தினார். 'நலந்தானா' தொடங்கியபோது கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடிந்த பிறகும் எடுக்கவில்லை. அன்று சாம்பார் வைக்க வெகுநேரம் ஆயிற்று.